ரைட்டரின் இரும்பு அலமாரி

என் கணவர் மேல் நான் போலிஸில் எழுதிக் கொடுத்தது உண்மை. அதை யாரிடமும் மறைத்ததில்லை. அதற்காக வருந்தியதும் இல்லை.

அது ஜப்பான் யுத்தம் வருவதற்கு முன்பு நடந்தது. கூலிம் ஊரில் இருந்த என் அக்காவுக்குப் பிரசவம் என்று தகவல் வந்தது. கணவரிடம் கேட்காமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். திரும்பிய அன்று சாயங்காலம் ரப்பர் பால்வாளி தூக்கும் காண்டாக் கம்பால் அடித்தார். தலையைக் காக்க இடது கையைத் தூக்கினேன். முன்கை எலும்பு முறிந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிட்டு, "வழுக்கி விழுந்தேன்னு சொல்லிக்க" என்றார். மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகாமல், கட்டுப் போட்ட கையோடு டவுனுக்கு நடந்தேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் மலாயாவில், கெடா மாநிலத்துச் செமிலிங்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. டவுன் என்று நாங்கள் சொன்னது ஒரே தெருவைத்தான். அதன் கோடியில் போலிஸ் ஸ்டேஷன். மாத்தாக்கள் என்று நாங்கள் சொல்லும் போலிஸ்காரர்கள் பெரும்பாலும் மலாய்க்காரர்கள், இரண்டொரு பஞ்சாபிகள். புகார் எழுதும் ஆள் மட்டும் தமிழர். எல்லோரும் அவரை ரைட்டர் என்றே கூப்பிட்டோம். எண்ணெய் வைத்து வாரிய தலை, சலவைச் சட்டை. அவருக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு அலமாரி நின்றது. அதன் சாவி அவர் இடுப்பில் தொங்கும்.

நான் சொன்னதைக் கேட்டு எழுதினார். பிறகு தானாகவே கேட்டார்.

"ஒங்கூட்டுக்காரன் கள்ளுக்கடையில சண்ட கிண்ட போடுவானா?"

"எல்லாரும் போடுறதுதான்."

"கங்காணிய எதுத்துப் பேசுவானா?"

"ஒரு தரம் பேசுனாரு."

"கலகக்காரன்னு சேத்து எழுதிடறேன். பொம்பளைய அடிச்சான்னு மட்டும் எழுதுனா பெரிய ஐயா திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரு."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கை வலித்தது. யாராவது திரும்பிப் பார்த்தால் போதும் என்றிருந்தது.

பார்த்தார்கள். இரண்டு மாத்தாக்கள் வந்து அவரைக் கூட்டிப்போய்க் கொஞ்ச நாள் அடைத்து வைத்தார்கள். இனி அடிக்கமாட்டேன் என்று கைரேகை வாங்கிக்கொண்டு விட்டார்கள். அதன்பின் அவர் என்மேல் கைவைக்கவில்லை. திருந்திவிட்டார் என்று எழுதினால் பொய். முறைப்பார், சோற்றுத் தட்டைத் தள்ளுவார், நாள்கணக்கில் பேசமாட்டார். ஆனால் கை ஓங்கமாட்டார். எனக்கு அது போதுமாயிருந்தது.

மாமியாருக்குப் போதவில்லை. நாங்கள் மூன்று பேரும், என் மகளும், லயத்தில் ஒரே அறையில் இருந்தோம். மகனைப் போலிஸ் பிடித்துப்போனது அவருக்கு மாறாத அவமானம். "போயி வாபஸ் வாங்கிட்டு வா. என் பிள்ள பேரு அங்க கெடக்கக்கூடாது" என்று தினமும் பிடுங்கியெடுத்தார். கடைசியில் நானே போனேன். கேஸ் முடிந்துவிட்டது, கையும் கூடிவிட்டது, இனி எதற்கு அந்தத் தாள் என்று எனக்கும் தோன்றியது.

ரைட்டர் சிரித்தார். "எழுதுனத அழிக்கமுடியாதும்மா."

"இன்னும் எத்தன வருசத்துக்கு வச்சிருப்பீங்க?"

"அதெல்லாம் ஒனக்கு எதுக்கு? நீ செத்தாலும் அது இருக்கும்." இடுப்புச் சாவியைத் தட்டிக் காட்டினார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அப்புறம் யுத்தம் வந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறித் தெற்கே போய்விட்டார். போலிஸ் பெரிய ஐயாவும் போய்விட்டார். ஸ்டேஷன் திறந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு டவுனே உள்ளே புகுந்தது. நானும் போனேன். நாற்காலி, விளக்கு, சைக்கிள், கதவுத் திரை வரைக்கும் எடுத்துக்கொண்டு போனார்கள். அலமாரி மட்டும் பூட்டியபடி நின்றது. கடப்பாரையோடு நின்ற ஒருவரிடம், "அண்ணே, இத ஒடச்சுக் குடுங்க" என்று கேட்டேன்.

"உள்ள என்ன? அரிசியா?"

"கடுதாசி."

"போம்மா அந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னலைப் பெயர்க்கப் போனார். நான் ஒரு கல்லை எடுத்துப் பூட்டை அடித்துப் பார்த்தேன். பூட்டு அசையவில்லை. கூட்டம் என்னை இடித்துக்கொண்டு வெளியே போயிற்று.

ஜப்பான்காரன் வந்து கொஞ்ச காலத்தில் ஸ்டேஷன் மறுபடி திறந்தது. கொடி வேறு, தொப்பி வேறு. மேசைக்குப் பின்னால் அதே ரைட்டர், கையில் புதுத் துணிப்பட்டையோடு. அவருக்குப் பின்னால் அதே அலமாரி. பழைய ஐயாவுக்கு எழுந்து நின்று சலாம் போட்டவர், இப்போது இடுப்பு ஒடிய வணங்கினார். வேறு எந்த மாற்றமும் அவரிடம் நான் பார்க்கவில்லை.

தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனது. அரிசி குறைந்து, பிறகு கிடைக்கவே இல்லை. மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துத் தின்றோம், கீரை தின்றோம், சாக்கை வெட்டிப் பாவாடை தைத்தோம். என் கணவர் லயத்துக்குப் பின்னால் மேட்டைக் கொத்திக் கிழங்கு நட்டார். கள்ளுக்கடை மூடியிருந்ததால் வேறு போக்கிடம் இல்லை. நான் தண்ணீர் சுமந்து கொடுத்தால் வாங்கி ஊற்றுவார், முகத்தைப் பார்க்கமாட்டார்.

அந்த நாளில்தான் சயாமுக்கு ரயில் ரோடு போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். முதலில் நல்ல சாப்பாடு, துணிமணி, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். நம்பிப் போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அதன்பின் யாரும் முன்வரவில்லை. துரை போனபின் தோட்டத்தை நடத்திய கணக்குக் கிராணிக்கு இத்தனை ஆள் கொடு என்று உத்தரவு வந்தது. கங்காணியின் உறவுக்காரர்களை விட்டுவிட வேண்டும், மற்றவர்களில் யாரை அனுப்பினாலும் லயத்தில் கலாட்டா வரும். கிராணி தன் தலையிலிருந்து அதை இறக்கிப் போலிஸ் தலையில் வைத்தார். போலிஸ் கேஸ் உள்ளவர்களை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். பிறகு அதை அவரே லயத்தில் எல்லோரிடமும் சொன்னார், ஏதோ நியாயம் செய்தவரைப்போல.

ஒரு காலை பெரட்டில் ஜப்பான் சிப்பாய்கள் வந்து நின்றார்கள். கூட ரைட்டர். கையில் தாள். பழைய கேஸ்களைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்த தாள் என்பது அவர் கூப்பிட்ட முதல் பேரிலேயே தெரிந்துவிட்டது. அந்த ஆள் ஒருகாலத்தில் மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் திருடினான் என்று பிடிபட்டு அபராதம் கட்டியவர். அடுத்தவர் கள்ளுக்கடையில் போத்தலால் அடித்தவர். அடுத்தவர் கூலி உயர்வு கேட்டுக் கிராணி வாசலில் கூட்டம் சேர்த்தவர். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கேஸ், எல்லாம் முடிந்துபோன கேஸ். பிறகு என் கணவர் பேர்.

அவர் வரிசையைவிட்டு வெளியே வந்தார். ரைட்டரைப் பார்த்து, "அந்தக் கேசு அப்பவே முடிஞ்சிருச்சிங்க" என்றார்.

"கேசு ஹபிஸ்தான். பேப்பரு ஹபிஸ் ஆவல" என்றார் ரைட்டர். முடிந்துபோனதைச் சொல்ல மலாய் வார்த்தைதான் அவருக்கு வாகாக இருந்தது.

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நாளுக்குப் பிறகு அன்றுதான் நேராகப் பார்த்தார். என் மாமியார் தரையில் உட்கார்ந்து மண்ணை வாரி என்மேல் எறிந்தார். "இப்ப குளுந்துச்சாடி? இதுக்குத்தான எழுதிக் குடுத்த?"

சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் நிலத்தைத் தட்டினான். 

அவர்களை லாரியில் ஏற்றி ஸ்டேஷன் கொட்டடியில் வைத்தார்கள். மறுநாள் ரயிலுக்குக் கொண்டுபோவார்கள் என்று பேச்சு. விடிந்ததும் நான் போனேன். மாமியாரும் வந்தார், ரோட்டின் மறு ஓரத்தில், என்னோடு சேராமல்.

ரைட்டர் தன் இடத்தில் இருந்தார். நான் மேசைக்கு முன்னால் போய் நின்றேன்.

"அது நான் குடுத்த புகாரு. நான் வேணாங்கறேன். கிழிச்சிப் போடுங்க."

"நீ குடுத்த அன்னிக்கே அது ஒன்னோடது இல்ல. கவர்மெண்டோடது."

"எந்தக் கவர்மெண்டு? எழுதி வாங்குன கவர்மெண்டுதான் ஓடிப்போச்சே."

அவர் பக்கத்தில் இருந்த மாத்தாவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வாய அடக்கு. சப்பான்காரன் ஆள் கேட்டான். பேரு குடுக்கலன்னா என்னய ஏத்திட்டுப் போவான்."

"கலகக்காரன்னு நீங்கதான சேத்து எழுதுனீங்க? நானா சொன்னேன்?"

"நீ அன்னிக்கு வேணாம்னு சொன்னியா?"

"கையொடிஞ்சி நின்னவகிட்ட எது வேணும் எது வேணாம்னு கேக்குற நேரமா அது?"

"இன்னும் ஒரு வார்த்த பேசுன, ஒன்னயும் அந்த லாரியில ஏத்துவேன். பொம்பள போவக்கூடாதுன்னு ஒண்ணும் சட்டமில்ல."

நான் கொட்டடிப் பக்கம் போனேன். கம்பிக்கு அந்தப் பக்கம் என் கணவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மாவோடு முதலில் பேசினார். பிறகு என்னைப் பார்த்து, "ஒரு வார்த்த எழுதிக் குடுத்த. போதுமா?" என்றார்.

"கைய ஒடச்சது நீங்க."

"ஒடச்சேன். அதுக்கு ஜெயிலும் இருந்துட்டேன். இது எதுக்கு?"

  லாரி சத்தம் கேட்டது. அவர் எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "பின்னால நட்ட கெழங்கு இன்னும் முத்தல. பசிக்குதுன்னு புடுங்கிடாத" என்றார். என்னோடு அவர் கடைசியாகப் பேசியது அது.

அதற்குப்பின் லயத்தில் எனக்கு வாழ்க்கை நரகம். புருஷனை எழுதிக்கொடுத்துச் சயாமுக்கு அனுப்பியவள் என்று மாமியார் ஒவ்வொரு வாசலிலும் போய்ச் சொன்னார். குழாயடியில் என் வாளியைக் கடைசிக்குத் தள்ளினார்கள். போத்தலால் அடித்தவரின் மனைவிகூட என்னோடு பேசவில்லை. அவள் புருஷன் மேல் நானா புகார் கொடுத்தேன்? ஆனால் ரைட்டரைத் திட்ட முடியாதவர்களுக்கும் ஜப்பான்காரனைத் திட்ட முடியாதவர்களுக்கும் திட்டுவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரே அறையில் இரண்டு அடுப்பு வைத்தோம், எனக்கும் மகளுக்கும் ஒன்று, மாமியாருக்கு ஒன்று. அவர் பங்குக் கிழங்கில் ஒரு துண்டு என் மகளுக்குக் கொடுப்பார், என் முன்னால் கொடுக்கமாட்டார்.

இடையில் கெடாவைச் சயாம்காரன் கையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஸ்டேஷனில் மறுபடி கொடி மாறியது. சயாமிலிருந்து வந்த அதிகாரியாவது சயாமுக்குப் போனவர்களைப் பற்றிச் சொல்லுவார் என்று நம்பிப் போனேன். ரைட்டரைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. அவர் அந்த அதிகாரிக்கும் பிரியமானவராகிவிட்டிருந்தார். கவர்மெண்டு எது என்று கேட்டேனே, அதற்கு விடை அப்போது புரிந்தது. அந்த அலமாரிச் சாவி யாரிடம் இருந்ததோ அவர்தான் கவர்மெண்டு.

ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்ற செய்தி வந்தபோது, வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. காட்டுக்குள் ஒளிந்து ஜப்பானோடு சண்டை போட்டவர்கள் வெளியே வருவார்கள், ஜப்பானுக்கு வேலை செய்தவர்களைத் தேடுவார்கள் என்று டவுன் முழுக்கப் பேச்சு. நான் கிழங்கு விற்க டவுனுக்குப் போயிருந்தேன். ஸ்டேஷன் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

இரும்பு அலமாரி காலியாகத் திறந்து கிடந்தது, வாசல் வழியே தெரிந்தது. ரைட்டர் பனியனோடு நின்று, கம்பால் தாள்களைக் கிளறிக் கிளறி எரித்துக்கொண்டிருந்தார். கட்டுக் கட்டாகக் கிடந்தன. வேர்த்து ஊற்றியது அவருக்கு.

"அழிக்க முடியாதுன்னு சொன்னீங்களே" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். நான்தான் என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது. "ஒன்னோடதும் இதுலதான் வேவுது. சந்தோசமா போ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் புகார் மட்டும் வேகவில்லை. பெரட்டில் அவர் கையில் இருந்த தாளும், எந்தத் தோட்டத்திலிருந்து யாரை எப்போது ஏற்றினார்கள் என்று எழுதிவைத்த தாள்களும் அதற்குள்ளேதான் கிடந்தன. அவற்றில் அவர் கையெழுத்து இருந்திருக்கும். எரிக்கத்தானே செய்வார்.

"சயாமுக்குப் போனவங்க பேரு? அது எங்க?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து ஒரு தாள்கட்டை இழுத்தேன். அவர் கம்பால் என் தோளில் அடித்தார். நான் விடவில்லை. அவர் காலால் உதைத்து என்னைத் தள்ளிவிட்டுத் தாள்கட்டை நெருப்பில் வீசினார். என் கையில் மிஞ்சியது ஓரம் கருகிய சில தாள்கள். ஆங்கிலத்திலும், மலாய்க்காரர்கள் எழுதும் ஜாவி எழுத்திலும் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்தது நான்கு வகுப்புத் தமிழ்தான். பிறகு பெடோங் ஊரில் படித்தவர் ஒருவரிடம் காட்டினேன். யாரோ காணாமல் போன ஆட்டைப் பற்றிக் கொடுத்த புகார் என்றார்.

சயாமுக்குப் போனவர்களில் எங்கள் லயத்துக்குத் திரும்பி வந்தது ஒட்டுப்பால் கேஸ்காரர் மட்டும். காலில் புண், கண் மஞ்சள். மாமியாரும் நானும் அவர் வாசலில் போய் நின்றோம். "பேதி வந்து படுத்துட்டாரு அண்ணன். எங்க கொட்டாய்லருந்து தூக்கிட்டுப் போயிட்டாங்க. அங்க தூக்கிட்டுப் போன யாரும் திரும்பல" என்று மாமியாரிடம் சொன்னார். மாமியார் அழவில்லை. "நீ கண்ணால பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். புதைத்ததைப் பார்க்கவில்லை என்றார். மாமியார் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

தோட்டத்து ஆபீசில் வெள்ளைக்காரன் திரும்ப வந்து புதிதாகப் பேர் பதிந்தபோது, என் கணவர் பேருக்கு எதிரே 'ஓடிப்போனவர்' என்று எழுதினார்கள். எழுதியவர் அதே கிராணி. சண்டை போட்டேன். "போலிஸ்லருந்து எழுத்து வாங்கிட்டு வா, மாத்தறேன்" என்றார். யாரைப் பிடித்துக் கொடுத்தோம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்ததை எழுத அவருக்குப் பயம்.

மாமியாரும் நானும் ஸ்டேஷனுக்குப் போனோம். புதிதாக ஒரு மலாய் அதிகாரி இருந்தார். ரைட்டர் இல்லை. வேறு டவுனுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாராம், வேலை போகவில்லை. அவர்மேல் ஒரு தாளும் இல்லையே, எதை வைத்து வேலையை எடுப்பார்கள்?

அதிகாரி காலி அலமாரியைத் திறந்தே காட்டினார். "இங்கருந்து ஆள் கொண்டுபோனதா ஒரு சூராட்டும் இல்ல, ஒரு கடுதாசியும் இல்ல. ஒங்க ஆள் பேரு எங்கயும் இல்ல" என்று ஒரு மாத்தா தமிழில் பெயர்த்துச் சொன்னான்.

மாமியார் மேசையைப் பிடித்துக்கொண்டார். "இருக்கும் தம்பி. இவ எழுதிக் குடுத்தா. என் பிள்ள இவ கைய ஒடச்சான்னு எழுதிக் குடுத்தா. கலகக்காரன்னு போட்டிருக்கும். நல்லாத் தேடச் சொல்லு" என்றார். அந்தத் தாளை அழித்துவிட்டு வா என்று என்னை விரட்டிய அதே வாய். மாத்தா சிரித்துவிட்டான். அவன் சிரித்ததை நான் மறக்கவில்லை.

போலிஸ் எத்தனை காலம் தாளை வைத்திருக்க வேண்டும், எப்போது அழிக்க வேண்டும் என்று படித்தவர்கள் இப்போது பேசுகிறார்கள். எத்தனை வருஷம் என்று ஒரு கணக்குச் சொல்லிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். ஒருவன் தப்புச் செய்தான், தண்டனையும் அனுபவித்தான் என்றால், கொஞ்ச காலம் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கொளுத்திவிடுங்கள். அது பூட்டிக் கிடந்தால் அடுத்து வருகிறவன் எவனாவது அதை எடுத்து அவன் கழுத்தை அறுப்பான். ஆனால் ஒரு மனிதனை நீங்கள் பிடித்துக் கொண்டுபோனீர்கள் என்றால், அந்தத் தாளை அவன் வீட்டார் கேட்டு முடிக்கிறவரை வைத்திருங்கள். எழுதிய கையே எதை எரிப்பது என்று முடிவு செய்யக்கூடாது. எனக்குத் தெரிந்த சட்டம் இவ்வளவுதான்.

மாத்தா சிரித்த அன்று நான் ஸ்டேஷனைவிட்டு எழுந்து வரவில்லை. "இல்லன்னா இப்ப எழுதுங்க" என்றேன். என் கணவரை இந்த ஸ்டேஷனிலிருந்து சயாமுக்கு ஏற்றினார்கள், அவர் ஓடிப்போகவில்லை, பேர் வாசித்தவர் இன்னார், பேர் கொடுக்கச் சொன்ன கிராணி இன்னார் என்று சொல்லச் சொல்ல அதிகாரி வேண்டாவெறுப்பாக எழுதினார். கையெழுத்துப் போட்டேன். மாமியாரையும் அதே தாளில் சாட்சியாகக் கைநாட்டு வைக்கச் சொன்னார்.

"இவ போட்ட கடுதாசியில நான் வைக்கமாட்டேன்" என்றார் மாமியார். "எனக்குத் தனியா எழுதச் சொல்லு."

அதிகாரி பேனாவை மேசையில் போட்டார். பிறகு அலுத்துக்கொண்டே இன்னொரு தாள் எடுத்து, அதே விஷயத்தை மறுபடி எழுதினார். மாமியார் பெருவிரலை அழுத்தி வைத்தார்.

அந்த இரண்டு தாளால் என்ன நடந்தது என்றால், தோட்டத்துப் பதிவில் 'ஓடிப்போனவர்' என்பதை அடித்துவிட்டுச் 'சயாம்' என்று எழுதினார்கள். அதற்கே கிராணியிடம் நடையாய் நடந்தேன். வேறொன்றும் நடக்கவில்லை. ரைட்டரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. சில வருஷம் கழித்துச் சுங்கைப்பட்டாணிச் சந்தையில் அவரைப் பார்த்தேன், பேரப்பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கருவாடு பேரம் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர்கள் கேட்கும்படி, இவர் யார், என்ன செய்தார் என்று நின்று சொன்னேன். அவர் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு வேறு பக்கம் போனார். நான் மீன்கடை வரைக்கும் பின்னாலேயே போய்ச் சொன்னேன்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அன்று, மாமியார் பழையபடி ரோட்டின் மறு ஓரமாகவே நடந்து வந்தார். வெயில் ஏறியிருந்தது. ரப்பர் மரநிழல் வந்ததும் நின்று மூச்சு வாங்கினார். நானும் என் பக்கத்தில் நின்றேன்.

"நீ மொதல்ல எழுதிக் குடுக்காம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்தார்.

"ஒங்க பிள்ள அடிக்காம இருந்திருந்தா" என்றேன்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். அவர் சாகும்வரை எங்கள் அறையில் இரண்டு அடுப்பு எரிந்தது.